ஒற்று எங்கே போடுவது, எங்கே விடுவது? பஸ் போர்டில் தொடங்கும் ஒரு வழிகாட்டி

அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அடித்துக் கொடுத்த ஸ்டிக்கர் ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "சுகாதார விதிகளைக் கடை பிடிக்கவும்." மொத்தம் 200. தட்டச்சு செய்தவனும் நான்தான், புறூவ் பார்த்தவனும் நான்தான். வாங்க வந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு தரம் வாசித்தார். "தம்பி, எந்தக் கடையைப் பிடிக்கச் சொல்லுறீர்?" என்று கேட்டார்.

கடைப்பிடிக்கவும் என்று இருந்திருக்க வேண்டும். ஒரு ப் விட்டுப்போனதும் சுகாதாரம் பின்னுக்குப் போய்விட்டது, கடை முன்னுக்கு வந்துவிட்டது. 200 ஸ்டிக்கரும் என் கணக்கில் திரும்ப அடித்தேன்.

அன்றிலிருந்து திருகோணமலையில் நோட்டீஸ், கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், பெயர்ப்பலகை என்று எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒற்றைத்தான். புதிதாகத் தமிழில் எதையாவது எழுதி அச்சுக்குக் கொடுக்க வருகிறவர்களும் அதிகம் தடுமாறுவது அங்கேதான். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு முறையான இலக்கணப் புத்தகம் வேறு இருக்கிறது. நான் சொல்லப்போவது கடை மேசையில் வைத்துப் பார்க்கிற வழி.

முதலில், ஒற்று என்றால் என்ன?

ஒன்றை இன்னொன்றின் மேல் மெல்ல அழுத்துவது ஒற்றுதல். கண்ணீரை லேன்சியால் ஒற்றுகிறோம். அடிபட்ட இடத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறோமே, அது ஒற்றடம்தான், பேச்சில் ஒத்தடமாகிவிட்டது. உளவு பார்க்கிறவனுக்கும் ஒற்றன் என்று பெயர். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே உண்டு. காணியை ஒருவர் கையில் கொடுத்துப் பணம் வாங்கி, வட்டிக்குப் பதிலாக விளைச்சலை அவரே எடுக்க விடுவது ஒற்றி. ஒரே எழுத்துகள், வேறு வேறு வேலைகள்.

எழுத்தைப் பற்றிப் பேசும்போது ஒற்று என்பது மெய்யெழுத்து. மேலே புள்ளி வைத்த எழுத்து. குத்துப் போட்ட எழுத்து என்றும் நம் பக்கம் சொல்வார்கள். மொத்தம் 18. ஒவ்வொன்றுக்கும் அரை மாத்திரைதான் ஒலி. கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் அடிக்கு 16 எழுத்து, 17 எழுத்து என்று எண்ணும்போது ஒற்றை எண்ணாமலே விட்டுவிடுவார்கள். ஓலையில் எழுதியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் புள்ளியையே வைக்காமல் விட்டார்கள், எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று. வாசிக்கிறவன் தானே ஊகித்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு அந்தச் சலுகை யாருக்கும் இல்லை.

ஆனால் அச்சகத்தில் "ஒற்று விட்டுப்போச்சு", "இங்கே ஒற்று வராது" என்று சொல்லும்போது எல்லா மெய்யையும் சொல்வதில்லை. இரண்டு சொற்கள் சந்திக்கும் இடத்தில் புதிதாக வந்து உட்காருகிற க், ச், த், ப் என்ற நான்கைத்தான் சொல்கிறோம். அது வந்தால் "ஒற்று மிகும்", வராவிட்டால் "மிகாது". மிகுதல் என்றால் கூடுதலாக வருதல், அவ்வளவுதான்.

பலர் சந்தி என்பதையும் ஒற்று என்பதையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். சந்தி பெரியது. மடத்தடிச் சந்தியில் வீதிகள் வந்து முட்டுகிற மாதிரி சொற்கள் முட்டுகிற எல்லா இடமும் சந்தி. அங்கே ஓர் எழுத்து புதிதாக வரலாம், உள்ள எழுத்து மாறலாம், இருந்தது போகலாம். ஒற்று மிகுவது அதில் ஒரு வகை மட்டும். ஆகவே ஒற்றுப்பிழை எல்லாம் சந்திப்பிழை. சந்திப்பிழை எல்லாம் ஒற்றுப்பிழை அல்ல.

முதல் படி: இரண்டாவது சொல்லைப் பாருங்கள்

எல்லோரும் முதல் சொல்லையே முறைத்துப் பார்க்கிறார்கள். அடுத்த சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். க, ச, த, ப வரிசையில் தொடங்காவிட்டால் இந்தக் கேள்வியே இல்லை, அடுத்த வரிக்குப் போகலாம். நிலாவெளிக் கடலில் இருக்கிற அந்தத் தீவைப் புறாமலை என்றும் சொல்கிறோம், புறாத்தீவு என்றும் சொல்கிறோம். மலைக்கு ஒற்று இல்லை, தீவுக்கு இருக்கிறது. முதல் சொல் இரண்டிலும் அதே புறாதான். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்தாலே பாதிச் சந்தேகம் கழிந்துவிடும்.

இரண்டாம் படி: பஸ் போர்டை வாசியுங்கள்

விதிகளை மனப்பாடம் செய்ய முதல், ஏற்கெனவே வாயில் பழகிய ஊர்ப் பெயர்களைப் பிரித்துப் பாருங்கள். எங்கள் மாவட்டத்துப் பெயர்களே ஒரு பாடப் புத்தகம்.

சீனம், குடா: சீனக்குடா. ம் போய், க் வந்தது. ஆலம், கேணி: ஆலங்கேணி. இங்கே ம் போகவில்லை, ங் ஆக மாறியது. ஈச்சம், தீவு: ஈச்சந்தீவு. ம் இப்போது ந். பக்கத்து எழுத்துக்கு ஏற்ற மாதிரி முகத்தை மாற்றிக்கொள்கிறது.

கட்டைபறிச்சானைப் பாருங்கள். கட்டை, அடுத்தது ப. ஆனால் கட்டைப்பறிச்சான் இல்லை. ஏனென்றால் பெயரின் அமைப்பு "கட்டையைப் பறித்தவன்" என்பது மாதிரி. ஐ மறைந்து நிற்கிறது. ஐ வெளியே தெரிந்தால் ஒற்று வரும், மறைந்தால் வராது. இதற்கு இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பெயர். பெயர் மறந்தாலும் பரவாயில்லை, கட்டைபறிச்சான் மறக்காது.

அன்புவழிபுரத்திலும் ஒற்று இல்லை. புரம் என்று முடிகிற ஊர்களுக்குப் பொதுவாக ஒற்றுப் போடுவதில்லை. காஞ்சிபுரம் அப்படித்தான், இராமநாதபுரம் அப்படித்தான். வழக்கம் அப்படி உறுதியாகிவிட்டது.

சாம்பல்தீவும் கப்பல்துறையும் இன்னொரு கதை. பழைய இலக்கணப்படி ல் முன்னால் த வந்தால் இரண்டும் சேர்ந்து ற்ற ஆகவேண்டும்: சாம்பற்றீவு, கப்பற்றுறை. அப்படி எழுதிக்கொண்டு நோட்டீஸ் ஒட்டினால் அந்த ஊர்க்காரருக்கே தங்கள் ஊர் தெரியாது. ல் அப்படியே இருக்கட்டும். ஆனால் சிலர் சமாதானத்துக்கு நடுவில் ஒரு த் போட்டு "சாம்பல்த்தீவு" என்று எழுதுகிறார்கள். அதுதான் பிழை. ல் மாறாமல் நின்றால் அதன் பின்னால் வல்லின ஒற்று வராது. அதேநேரம் கடற்கரை, கடற்படை என்பவை பழைய முறையிலேயே நிலைத்துவிட்டன. கடல்க்கரை என்று எழுதிக் கொண்டுவந்தால் நான் கேட்காமலே திருத்திவிடுவேன்.

பஸ் போர்டு போதவில்லை என்றால் கலண்டரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை, வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை. ஏழிலும் இரண்டாவது சொல் கிழமைதான். ஞாயிற்றில் ற் இரட்டித்து க் வந்தது, திங்களின் ள் ட் ஆனது, வியாழனின் ன் தொலைந்து க் வந்தது, புதனில் ஒன்றுமே நடக்கவில்லை. அதிகம் பிழை வருவது செவ்வாயில். ய், ர், ழ் என்று முடிகிற பெயருக்குப் பின்னால் ஒற்று மிகும்: செவ்வாய்க்கிழமை, கணவாய்க் கறி, தமிழ்ச் சங்கம். கன்னியாவில் இருப்பது வெந்நீர்க் கிணறுகள். (வெம்மையான நீர் என்பதால் வெந்நீர். வெண்ணீர் என்று எழுதினால் வெள்ளை நிறத் தண்ணீர் ஆகிவிடும். இது ஒற்று மிகுதல் இல்லை, ஆனாலும் வாரத்துக்கு ஒரு தரமாவது இதைத் திருத்துகிறேன்.)

மூன்றாம் படி: உறவைக் கேளுங்கள்

இதுதான் நடுமுள். ஒற்று அழகுக்குப் போடுகிற பொட்டு இல்லை. முன் சொல்லுக்கும் பின் சொல்லுக்கும் என்ன உறவு என்று அது சொல்கிறது. வலை என்ற ஒரே சொல்லை வைத்துப் பார்ப்போம்.

வலை கிழிந்தது. கிழிந்தது எது? வலை. அதாவது வலைதான் எழுவாய். ஒற்று வராது. மழை பெய்தது, அலை பொங்கியது, படகு கவிழ்ந்தது எல்லாம் இதே வகை. "மழைப் பெய்தது" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். மழைத் தண்ணீரில் ஒற்று இருப்பதைப் பார்த்துவிட்டு இங்கேயும் போடுகிறார்கள்.

வலை கட்டினார். எதைக் கட்டினார்? வலையை. ஐ மறைந்திருக்கிறது. கட்டைபறிச்சான் வகை. ஒற்று வராது.

வலையைக் கட்டினார். ஐ வெளியே வந்துவிட்டது. ஒற்று கட்டாயம்.

வலைக் கயிறு. இரண்டும் பெயர்ச்சொல், இரண்டும் சேர்ந்து ஒரே பொருளுக்குப் பெயராகின்றன. ஒற்று வரும். சாப்பாட்டுக் கடைப் பலகை எழுத வருகிறவர்களுக்கு இதுதான் முக்கியம்: திருக்கைக் கறி, நண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, கூனிக் கருவாடு. பாரை மீனுக்கு வேண்டாம், ம அந்த நான்கில் இல்லையே. இறால் பொரியல், மீன் குழம்பு இரண்டிலும் ல், ன் இருக்கிறபடியால் அப்படியே விட்டுவிடுங்கள். கருவாடு விற்கிற கடை கருவாட்டுக் கடை: டு இரட்டித்து ட்டு ஆகி, பிறகு க். வீட்டுத் தோட்டம் போல.

இரண்டு பெயர் அருகருகே நின்றும் "உம்" மறைந்திருந்தால் கதை மாறும். தாய் தந்தை என்றால் தாயும் தந்தையும். செடி கொடி என்றால் செடியும் கொடியும். அங்கே ஒற்று வராது. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினையும் பெயரும் காலம் காட்டாமல் ஒட்டினாலும் வராது. கல்யாணக் கார்டிலும் மரண அறிவித்தலிலும் வருகிற "பாசமிகு தந்தை" இந்த வகைதான். பாசமிகுத் தந்தை இல்லை.

நான்காம் படி: கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியவை

எல்லா இடத்திலும் உறவைத் தோண்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. சில இடங்கள் நிச்சயம். ஐ, கு என்ற உருபுகளுக்குப் பின்: மீனைப் பிடித்தார், கடலுக்குப் போனார். அந்த, இந்த, எந்த: அந்தக் கடை. அப்படி, இப்படி, எப்படி: இப்படிச் சொன்னார். ஆக என்று முடிபவை: நன்றாகப் பேசினார். மிக: மிகப் பெரிய. என: எனக் கூறினார். போகச் சொன்னார், சாப்பிடப் போனேன் மாதிரி அ என்று முடிகிற எச்சங்கள். ஓடிப் போனான், தேடிக் கண்டான் மாதிரி இ என்று முடிகிறவை. பொது, புது, முழு, நடு: பொதுக் கூட்டம், புதுத் துணி, முழுப் பொறுப்பு, நடுத் தெரு. எண்களில் எட்டும் பத்தும்: பத்துப் பேர். மற்ற எண்களுக்கு வேண்டாம், கன்னியாவில் இருப்பது ஏழு கிணறுதான்.

நிச்சயமாகப் போடக் கூடாதவையும் உண்டு. அது, இது, எது: இது கடை. ஓடு, ஆல், இல், இருந்து, உடைய: படகோடு போனார், கொழும்பிலிருந்து திரும்பினார். பெரிய, சிறிய: பெரிய கடை. வந்த, போன, வராத போன்ற பெயரெச்சங்கள்: வந்த கப்பல், வராத கப்பல். அந்தக் கப்பலுக்கு ஒற்று உண்டு, வந்த கப்பலுக்கு இல்லை. அந்த, வந்த இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் விரல் தானாக க் தட்டிவிடும். இதில் நானும் விழுந்திருக்கிறேன். வா தம்பி, போ தங்கச்சி என்று கூப்பிட்டுச் சொல்கிற இடத்திலும் வராது.

அப்புறம், உ என்று முடிகிற எச்சங்கள். எடுத்துச் சென்றார், ஆனால் வந்து சென்றார். கேட்டுப் பார்த்தார், ஆனால் செய்து பார்த்தார். இதற்குக் காதே போதும். கடைசி எழுத்துக்கு முன்னால் த், ட், ற் என்று வல்லினம் இடித்தால் (எடுத்து, கேட்டு, விற்று) ஒற்று வரும். ந், ண், ன் என்று மெல்லினமோ (வந்து, கண்டு, நின்று), ய் போன்ற இடையினமோ (செய்து), வெறும் உயிரோ (அழுது) இருந்தால் வராது. வாய்விட்டு இரண்டு தரம் வாசியுங்கள்.

ஓர் அறிவித்தலை எடுத்துப் பார்ப்போம்

எங்கள் ஊரில் அவசரத்தில் எழுதப்படுவது மரண அறிவித்தல்தான். வீட்டுக்காரர் அழுதுகொண்டு சொல்ல, அயலட்டையில் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை எழுதிக் கொண்டுவரும். வாசகம் எப்போதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்:

"அன்னார் காலஞ்சென்றவர்களான ... தம்பதிகளின் அன்பு மகனும், ... அவர்களின் அன்புக் கணவரும், பாசமிகு தந்தையும் ஆவார். அன்னாரின் இறுதிக்கிரியைகள் செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் நடைபெற்று, பூதவுடல் தகனத்துக்காக இந்து மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும். உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்."

காலஞ்சென்ற: காலம் என்பதன் ம் ஞ் ஆனது. ஆலங்கேணியின் அண்ணன் தம்பி. ஒரு காலத்தில் "தகனஞ் செய்யப்படும்" என்றும் எழுதினார்கள். இப்போது தகனம் செய்யப்படும் என்றே எழுதுகிறோம், அது சரி. ஆனால் காலஞ்சென்ற மட்டும் அப்படியே உறைந்துபோய் நிற்கிறது. காலம்சென்ற என்று மாற்ற வேண்டாம்.

அன்பு மகனுக்கு ஒற்று இல்லை, அன்புக் கணவருக்கு உண்டு. முதல் படியை நினைத்துக்கொள்ளுங்கள்: ம, க. பாசமிகு தந்தை மேலே சொன்னது. இறுதிக்கிரியைகள், செவ்வாய்க்கிழமை இரண்டும் தெரிந்தவை.

நடைபெற்று என்பதில் ற்று இருக்கிறது, அடுத்தது பூ. அப்படியானால் நடைபெற்றுப் பூதவுடல் என்று வரவேண்டாமா? நடுவில் காற்புள்ளி இருக்கிறது. புள்ளி போட்டு நிறுத்திய இடத்தில் சொற்கள் ஒட்டுவதில்லை, ஆகவே ஒற்றும் இல்லை. "நடைபெற்றுப், பூதவுடல்" என்று எழுதி வருவதைக் கண்டால் எனக்குப் பல் கூசும்.

எடுத்துச் செல்லப்படும்: ஒரே சொற்றொடரில் இரண்டு ஒற்று. எடுத்து என்பதன் பின் ச், செல்ல என்பதன் பின் ப். கடைசி வரியில் ஏற்றுக்கொள்ளுமாறு, கேட்டுக்கொள்கின்றோம் இரண்டும் வல்லினம் இடிக்கிற வகை. இந்த ஓர் அறிவித்தலைப் பிழையில்லாமல் எழுதப் பழகினால், மீதி நோட்டீஸ்கள் லேசு.

பெயர்களும் வெளியூர்ச் சொற்களும்

ஆட்களின் பெயர், கடையின் பதிவுப் பெயர், பாடசாலையின் பெயர் எதிலும் கை வைக்காதீர்கள். கடிதத் தலைப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே. திரு. கந்தசாமி என்று மரியாதைக்குப் போடுகிற திருவுக்குப் பின்னால் ஒற்று வராது. திருக்கோயில் என்னும்போது வரும். ஒரு தரம் "திருக் கந்தசாமி" என்று எழுதிய கார்ட் ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனைக் கோயிலாக்கிவிட்டார்கள்.

ரயர் கடை என்பதற்கு இலக்கணம் பார்த்தால் ரயர்க் கடை. யாரும் எழுதுவதில்லை, நானும் எழுதுவதில்லை. பஸ் கட்டணம், மோட்டார் சைக்கிள், பேக்கரி பாண் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆனால் உருபு சேர்ந்துவிட்டால் அது தமிழ்ச் சொல் மாதிரியே நடக்கும்: பஸ்ஸைப் பிடித்தேன், பேக்கரிக்குப் போனேன்.

தட்டச்சில் கவனிக்க வேண்டியவை

ஒற்று முன் சொல்லோடு ஒட்டித்தான் இருக்கும். அந்தக் கடை, அந்த க்கடை இல்லை. தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது, அதனால் வரியும் தொடங்கக் கூடாது. இடைவெளியைப் பிழையான இடத்தில் விட்டால், பந்தி உடையும்போது க்கடை தனியாக அடுத்த வரிக்குப் போய் நிற்கும்.

யுனிகோட்டில் க் என்பது உள்ளே இரண்டு குறிகள்: ககரம் ஒன்று, அதன் பின் புள்ளி ஒன்று. அழிக்கும் விசையை ஒரு தரம் தட்டினால் பல இடங்களில் புள்ளி மட்டும்தான் போகும், க தங்கிவிடும். "அந்தக கடை" என்ற விநோதப் பிழை பிறப்பது இப்படித்தான். பாமினி எழுத்துருவில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அங்கே புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புள்ளிகள் எல்லாம் அரைப்புள்ளிகளாகக் கொட்டிக் கிடக்கும். பாமினியிலிருந்து மாற்றிய பிரதியை ஒரு தரம் முழுவதும் வாசிக்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

கடைசியில் ஒரு தரம் ஒற்றுக்காக மட்டும் வாசியுங்கள். பொருளைப் பார்க்காமல், சொற்களின் இடைவெளியை மட்டும். சந்தேகம் தீரவில்லை என்றால்? என் கட்சி, விட்டுவிடுங்கள். பண்டிதர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஆனால் விட்டுப்போன ஒற்றை வாசிக்கிறவர் பெரும்பாலும் தானே நிரப்பிக்கொள்வார். இல்லாத இடத்தில் போட்ட ஒற்று அவரை நிறுத்தி, திரும்ப வாசிக்க வைக்கும். பொருள் மாறுகிற கடைப்பிடி போன்ற சில சொற்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அதற்கு 200 ஸ்டிக்கர் சாட்சி.

ஊரின் பெயர்

இதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். திருகோணமலையா, திருக்கோணமலையா?

விதிப்படி பார்த்தால், திரு என்பது பொது, முழு, நடு வகை. திருச்செந்தூர், திருப்பதி, திருக்கேதீச்சரம், அம்பாறைப் பக்கம் திருக்கோவில். அப்படியானால் திருக்கோணமலைதான் சரி என்பது ஒரு கட்சி. பிரட்றிக் கோட்டை வாசலில் பதிந்திருக்கிற பழைய கல்வெட்டில் வாசிக்கப்படும் சொல்லும் திருப்பணிதான், ஒற்றோடு. மற்றக் கட்சி, முதலில் இருந்தது திரு இல்லை, மூன்று என்ற பொருளில் வரும் திரி. திரிகோணமலைதான் திருகோணமலை ஆனது, அதனால் ஒற்றுக்கு இடமில்லை என்கிறது. ஆங்கிலத்தில் ட்ரிங்கோமலி என்று இகரம் இருப்பதை அவர்கள் காட்டுவார்கள். சம்பந்தர் பாடியது கோணமாமலை. அவருக்கு இந்தத் தலையிடி இல்லை.

அச்சு மேசையில் நான் செய்வது இது. அரச கடிதம், விண்ணப்பம், தபால் விலாசம், சான்றிதழ் என்றால் திருகோணமலை. அரச ஆவணங்களில் அப்படித்தான் இருக்கிறது, அதோடு பொருந்தாவிட்டால் பிறகு அலைய வேண்டி வரும். இலக்கிய மலர், கோயில் நோட்டீஸ் என்றால் கொண்டுவருகிறவர் எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படி; ஆனால் ஒரே தாளில் இரண்டு விதமாக வரக் கூடாது.

போன கிழமையும் ஒரு அக்கா கோயில் நோட்டீஸ் கொண்டுவந்தார். மேலே "திருக்கோணேஸ்வரம்", கீழே விலாசத்தில் "திருகோணமலை". "தம்பி, ஒன்று பிழைதானே, எதைத் திருத்தப் போறீங்கள்?" என்றார். கோயிலின் பெயர் ஒற்றோடுதான் பழக்கம், விலாசம் ஒற்றில்லாமல்தான் பழக்கம், இரண்டும் அப்படியே இருக்கட்டும் அக்கா என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அப்ப செவ்வாய்கிழமை மட்டும் சரியா?" என்று கேட்டார்.

அதற்கு ஒரு க் போட்டுக் கொடுத்தேன்.